பாறையைப் படிக்கும் எக்ஸ்ரே கருவிக்குக் காலிப்ரேஷன்: ஆய்வக மேசையிலிருந்து நிலாத் தரை வரை

நகைக்கடையில் காரட் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். மோதிரத்தை உள்ளே வைத்து மூடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தங்கம் 91.6, செம்பு இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று திரையில் வந்துவிடும். 2023 ஆகஸ்டில் பிரக்யான் ரோவர் நிலாவில் செய்ததும், 2012 முதல் கியூரியாசிட்டி செவ்வாயில் செய்துவருவதும் அடிப்படையில் இதே வேலைதான். பொருளைத் தூண்டிவிட்டு, அதிலிருந்து கிளம்பும் எக்ஸ்ரேயின் ஆற்றலைப் பார்த்து, உள்ளே எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்வது.

ஆனால் கடைக்காரருக்கு இரண்டு வசதிகள் உண்டு. சந்தேகம் வந்தால் தரம் தெரிந்த ஒரு காசை வைத்துக் கருவியைச் சோதித்துக்கொள்வார். நகையிலும் பெரும்பாலும் மூன்று நான்கு உலோகங்கள்தான் இருக்கும். பாறையில் ஒரு டஜனுக்கு மேல் தனிமங்கள். போதாக்குறைக்கு, பாறையின் எடையில் ஏறக்குறைய பாதியான ஆக்ஸிஜன் இந்தக் கருவியின் கண்ணுக்கே படாது. தரம் தெரிந்த காசையும் நாமே முன்கூட்டிக் கொடுத்தனுப்ப வேண்டும்.

1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ரோவரை நினைத்துப் பாருங்கள். பார்னக்கிள் பில் என்று பெயரிட்ட பாறையில் சிலிக்கா, அதாவது சிலிக்கான் ஆக்சைடு, எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று முதல் எண்கள் வந்தபோது பெரிய பரபரப்பு. அந்த எண்கள் தற்காலிகமானவை என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். பூமியில் வைத்திருந்த, அதேபோல் செய்த இரட்டைக் கருவியைக் கொண்டு மறுபடி அளந்து, திருத்தி, இறுதி எண்கள் வந்து சேர 2003 ஆகிவிட்டது. அளந்தது சில நாட்கள், அளந்ததற்குப் பொருள் சொல்ல ஆறு வருடங்கள்.

இந்த வழிகாட்டி ஆல்ஃபா துகள் எக்ஸ்ரே நிறமாலைமானியின் காலிப்ரேஷன் பற்றியது, அதாவது கலவை தெரிந்த பொருட்களை வைத்து அதன் எண்களைச் சரிபார்ப்பது பற்றியது. ஏபிஎக்ஸ்எஸ் என்பார்கள். எக்ஸ்ரே குழாய் வைத்த கருவியோடு வேலை செய்பவர்கள் கதிரியக்க மூலத்தைப் பற்றிய முதல் படியை மட்டும் தாண்டிவிட்டு மீதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். சந்தையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி உருண்டை ஒட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முள் நடுவில் நிற்கும், ஆனால் எடை பொய். காலிப்ரேஷனில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ரகம். கடைசியில் அலுமினியம் 5 சதவீதம் உதைக்கிறது என்றால், எப்போதோ அளந்து முடித்த டிடெக்டர் ஜன்னலின் தடிமனைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் சரியாகிவிடும். அந்தப் பாறைக்குச் சரியாகிவிடும், அடுத்த பாறைக்குக் கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரு எண்ணை அளந்து, எழுதி, பூட்டிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். பூட்டியதைத் திறக்க வேண்டுமானால் அந்தப் படியின் அளவீட்டையே திரும்பச் செய்ய வேண்டும். கணினியில் எண்ணை நகர்த்துவது கணக்கில் சேராது.

படி 1: கதிரியக்க மூலம்

கருவியின் தலையில் கியூரியம்-244 என்ற கதிரியக்கத் தனிமத்தின் வில்லைகள் வட்டமாக இருக்கும், நடுவில் டிடெக்டர். கியூரியம் சிதையும்போது சுமார் 5.8 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆல்ஃபா துகள்கள் வரும். கூடவே, சிதைந்து உருவாகும் புளூட்டோனியத்தின் எக்ஸ்ரேயும் வரும், 14, 18 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அருகே. இனி இந்த ஆற்றல் அலகை ஆய்வகப் பேச்சில் சொல்வதுபோல் கேஇவி என்றே எழுதுகிறேன். சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் போன்ற லேசான தனிமங்களை ஆல்ஃபா நன்றாகத் தூண்டும். இரும்பு, நிக்கல், துத்தநாகம் போன்றவற்றை எக்ஸ்ரே தூண்டும். ஒரே கருவியில் இரண்டு அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குச் செய்த திருத்தம் மற்றதற்குப் பொருந்தாது.

இந்தியாவில் இப்படிப்பட்ட மூலத்தை வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும். ஆல்ஃபா மூலத்தின் மேல்தகடு மிக மெல்லியது. அதைத் தொடுவது, துடைப்பது, அருகில் டுவீசர் கொண்டு போவது எதுவும் கூடாது. கிழிந்தால் காலிப்ரேஷன் போகட்டும், அறையே மூடப்படும்.

காற்றில் இந்த ஆல்ஃபா சுமார் நாலரை சென்டிமீட்டர் தூரம் ஓடுவதற்குள் தன் ஆற்றலையெல்லாம் இழந்துவிடும். பிரக்யானின் கருவித் தலை தரையிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்தில் நின்று அளந்தது. அந்த உயரத்தில், காற்றுள்ள அறையில் ஒரு ஆல்ஃபாகூடப் பாறையைத் தொடாது. எனவே நிலாவுக்கான கருவி என்றால் வெற்றிட அறை, செவ்வாய்க்கு என்றால் ஆறேழு மில்லிபார் கார்பன் டை ஆக்சைடு. பிந்தையதை வெற்றிடத்திலேயே அளந்துவிட்டுக் கணக்கில் திருத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். சில பாறைகளையாவது உண்மையான வாயு அழுத்தத்தில் அளந்து அந்தத் திருத்தம் சரிதானா என்று பார்த்துவிடுங்கள்.

கியூரியம்-244-இன் அரை ஆயுள் 18.1 ஆண்டுகள். வருடத்துக்கு சுமார் 3.8 சதவீதம் குறையும், 5 வருடத்தில் 82.6 சதவீதம்தான் மிச்சம். ஒவ்வொரு நிறமாலைக் கோப்பிலும், அதாவது எந்த ஆற்றலில் எத்தனை எக்ஸ்ரே வந்தது என்ற பதிவிலும், அளந்த தேதி இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஆற்றல் சோதனைக்கு இரும்பு-55 என்ற இன்னொரு கதிரியக்க மூலத்தை வைத்திருந்தால் அது இன்னும் மோசம். அரை ஆயுள் 2.74 ஆண்டுகள்தான் என்பதால் ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும்.

கடைசியாக, எந்த மாதிரியும் வைக்காமல் ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். அடுத்த இரவு சுத்தமான கிராஃபைட் தகடு. கார்பனின் எக்ஸ்ரே இந்தக் கருவிக்குத் தெரியாது, ஆனால் அது கதிரை நன்றாகச் சிதறடிக்கும். அப்போது தென்படும் செம்பு, இரும்பு, சிர்கோனியம் எல்லாம் உங்கள் கருவியின் சொந்த உடம்பு. அதைக் குறித்துப் பூட்டிவிடுங்கள்.

படி 2: எந்தச் சேனல் எந்த ஆற்றல்

இது சுலபமான படி. சுலபம் என்பதாலேயே அவசரமாகச் செய்து கெடுப்பார்கள். டிடெக்டர் தருவது சேனல் எண், அதாவது வந்த எக்ஸ்ரே வரிசையில் எத்தனையாவது பெட்டியில் விழுந்தது என்பது. ஒரு தனிமத்தின் எக்ஸ்ரே குவிந்து நிறமாலையில் எழும் முகட்டைப் பீக் என்பார்கள். சேனலை ஆற்றலாக மாற்ற இரண்டு தெரிந்த பீக் போதும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

டைட்டானியம், செம்பு சேர்ந்த ஒரு தகட்டை வைக்கிறோம். டைட்டானியத்தின் முக்கிய எக்ஸ்ரேயான கே-ஆல்ஃபா 4.511 கேஇவி, அது 446.2-ஆம் சேனலில் விழுகிறது. செம்பின் கே-ஆல்ஃபா 8.048 கேஇவி, அது 798.4-இல். ஆற்றல் வித்தியாசம் 3537 எலக்ட்ரான்வோல்ட், சேனல் வித்தியாசம் 352.2. வகுத்தால் ஒரு சேனலுக்கு 10.043 எலக்ட்ரான்வோல்ட். பூஜ்ஜியச் சேனல் 30 எலக்ட்ரான்வோல்ட்டில் நிற்கிறது. சரி, இப்போது இந்தக் கணக்கில் சேராத மூன்றாவது சாட்சியைக் கூப்பிடுங்கள். இரும்பின் கே-ஆல்ஃபா 6.404 கேஇவி, அது 634.7-இல் வர வேண்டும். 634.6, 634.8 என்றால் பரவாயில்லை. 637 என்று வந்தால் மின்சுற்று நேர்கோட்டில் இல்லை, அல்லது தகட்டை மாற்றும் இடைவெளியில் வெப்பநிலை ஓடியிருக்கிறது.

பெரும்பாலும் வெப்பநிலைதான். சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர் குளிர்ந்திருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் பெருக்கி அறை வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும். செவ்வாயில் ஒரே இரவுக்குள் பல பத்து டிகிரி இறங்கும். ஆகவே இந்தத் தகட்டு அளவீட்டை ஒரே வெப்பநிலையில் செய்து நிறுத்தாமல், கருவி வேலை செய்யப்போகும் வீச்சு முழுக்க ஐந்தாறு இடங்களில் செய்யுங்கள். அப்புறம், நீண்ட அளவீட்டை ஒரே கோப்பாகச் சேமிக்காமல் பதினைந்து இருபது நிமிடத் துண்டுகளாகச் சேமித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆற்றல் திருத்தி, பிறகு கூட்டுங்கள். கூட்டிவிட்டுத் திருத்த முடியாது. ரசத்தில் கரைந்த உப்பைத் திரும்ப எடுப்பது போல அது.

படி 3: பீக்கின் அகலமும் அதன் நிழல்களும்

ஒரே ஆற்றலில் வரும் எக்ஸ்ரேகூட நிறமாலையில் கோடாக விழாது, குன்றாகத்தான் விழும். குன்றின் அகலத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, டிடெக்டரின் சிலிக்கானில் ஒரு எலக்ட்ரான்-துளை இணை உருவாகத் தேவைப்படும் 3.65 எலக்ட்ரான்வோல்ட்டும் அதன் புள்ளியியல் ஆட்டமும். இது இயற்கை, மாற்ற முடியாது. இன்னொன்று மின்சுற்றின் இரைச்சல். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்த அகலம்.

இரைச்சல் 50 எலக்ட்ரான்வோல்ட் என்றால் 5.9 கேஇவியில் அகலம் 127, மக்னீசியம் இருக்கும் 1.25 கேஇவியில் 74. இரைச்சல் 100 ஆனால்? மேலே 154, கீழே 114. இரும்புப் பக்கம் ஐந்தில் ஒரு பங்குதான் கெட்டது, மக்னீசியம் பக்கம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது. சோடியம் 1.04, மக்னீசியம் 1.25, அலுமினியம் 1.49, சிலிக்கான் 1.74 என்று நால்வரும் தோளோடு தோள் நிற்கும் இடம் அது. டிடெக்டர் விளம்பரத்தில் 5.9 கேஇவியில் இருக்கும் ஒற்றை எண்ணை வைத்துக் கருவியை எடை போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அகலத்தைச் சுத்தமான மக்னீசியம், அலுமினியம், டைட்டானியம், இரும்பு, துத்தநாகம் ஆகிய ஐந்து தகடுகளிலும் அளந்து பூட்டுங்கள்.

அகலத்தோடு முடியவில்லை. ஒவ்வொரு பீக்குக்கும் இடப்பக்கம் ஒரு வால் உண்டு. இரும்பின் வால் நீண்டிருந்தால் பக்கத்தில் 5.90-இல் சன்னமாக நிற்கும் மாங்கனீஸை அது தின்றுவிடும். அதே இடத்தில் குரோமியத்தின் இரண்டாவது எக்ஸ்ரேயான கே-பீட்டாவும் 5.95-இல் வந்து உட்காரும். டிடெக்டரின் சிலிக்கானே கொஞ்சம் எக்ஸ்ரேயைத் தப்பவிடுவதால், இரும்புக்கு 1.74 கேஇவி கீழே, 4.66-இல் ஒரு பொய்ப் பீக் எழும். டைட்டானியத்தின் 4.51-க்குப் பக்கத்து வீடு அது.

இதைவிடத் தந்திரமானது அடுக்குப் பீக். இரண்டு எக்ஸ்ரே ஒரே நொடித்துணுக்கில் வந்தால் டிடெக்டர் இரண்டையும் கூட்டி ஒன்றாகச் சொல்லிவிடும். நிலாவின் மேட்டுநிலப் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியமும் சிலிக்கானும் கொட்டிக் கிடக்கும் இடம், பொட்டாசியம் பெயருக்குத்தான். 1.49-ம் 1.74-ம் சேர்ந்தால் 3.23. பொட்டாசியத்தின் இடம் 3.31. அந்த ஆற்றலில் அகலம் சுமார் 100 எலக்ட்ரான்வோல்ட், இடைவெளியோ 90-க்கும் குறைவு. இல்லாத பொட்டாசியத்தை எழுதிவிட இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு அலுமினியம் சேர்ந்தால் 2.97. அது ஆர்கானின் 2.96-மேல் அப்படியே உட்காரும். அலுமினியமும் சிலிக்கானும் உள்ள, பொட்டாசியம் இல்லாத ஒரு அலுமினோசிலிகேட்டை வைத்து, தூரத்தை மாற்றி மாற்றி, கவுன்ட் வேகத்தை, அதாவது நொடிக்கு வரும் எக்ஸ்ரே எண்ணிக்கையை, கூட்டிக் குறைத்து, 3.23-இல் எழுவது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறதா என்று பாருங்கள். வர்க்கத்தோடு ஏறினால் அது அடுக்கு, நேராக ஏறினால் உண்மையான தனிமம்.

படி 4: ஜன்னல்

டிடெக்டருக்கு முன்னால் பெரிலியம் ஜன்னல் இருக்கும். 8 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால், சிலிக்கானின் எக்ஸ்ரேயில் 85 சதவீதம் அளவுக்குத் தாண்டி வரும். சோடியத்தில் பாதிகூட வராது. தயாரிப்பாளர் சொன்ன தடிமன் 10 சதவீதம் தவறாக இருந்தால் சிலிக்கான் 2 சதவீதத்துக்குள் ஆடும், சோடியம் 8 சதவீதம் ஆடும்.

புளி உருண்டை ஒட்ட எல்லோருக்கும் பிடித்த இடம் இதுதான். கடைசியில் சோடியம் ஒத்துவரவில்லை என்றால் ஜன்னலை ஒரு மைக்ரான் மெலிதாக்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, சோடியம் குளோரைடு, மக்னீசியம் ஆக்சைடு, சுத்தமான குவார்ட்ஸ், கால்சியம் ஃபுளோரைடு என்று ரசாயனச் சூத்திரத்திலேயே அளவு தெரிந்துவிடும் பொருட்களை வைத்து ஜன்னல் தடிமனை இப்போதே பிடித்துவிடுங்கள். பாறைப் பெட்டியை அதுவரை திறக்காதீர்கள்.

படி 5: சான்றுப் பாறைகள்

அரசு முத்திரை குத்திய எடைக்கல் போன்றவை இவை, கலவை துல்லியமாகப் பகுக்கப்பட்டுச் சான்றிதழோடு வருபவை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் வெளியிடும் பிஹெச்விஓ-2 என்ற, ஹவாயின் எரிமலைப் பாறையான பசால்ட்டின் தூள் இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கம். சிலிக்கா 49.9 சதவீதம், அலுமினா 13.5, மொத்த இரும்பு 12.3, கால்சியம் ஆக்சைடு 11.4, மக்னீசியம் ஆக்சைடு 7.23, சோடியம் ஆக்சைடு 2.22. ஏஜிவி-2 என்ற ஆண்டசைட் எரிமலைப் பாறையில் சிலிக்கா 59.3. பெர்சிவரன்ஸ் ரோவரில் உள்ள பிக்ஸல் என்ற எக்ஸ்ரே கருவிக்குத் துணையாகச் செவ்வாய்க்குப் போன மாதிரித் தகடுகளிலும் பிஹெச்விஓ-2 ஒன்று.

அந்த 12.3-ஐக் கவனியுங்கள். அது ஃபெரிக் ஆக்சைடாகக் கணக்கிட்ட இரும்பு. கோள் ஆய்வில் வழக்கமாக ஃபெரஸ் ஆக்சைடாக எழுதுவோம். மாற்றினால் 11.07. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் ஆய்வகத்தில் இரும்பு எல்லாப் பாறையிலும் ஒரே மாதிரி 10 சதவீதம் உதைக்கிறது என்று டிடெக்டரைத் திட்டிக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தோம். அட்டவணையின் தலைப்பை யாரும் படிக்கவில்லை.

தேர்வு செய்யும்போது நீங்கள் போகப்போகும் இடத்தை மனதில் வையுங்கள். செவ்வாய்க்குப் பசால்ட் வகைகள் நிறைய வேண்டும், கூடவே சல்ஃபேட், குளோரைடு கலந்தவை. நிலாவின் மேட்டுநிலத்துக்குப் பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தாலான அனார்த்தோசைட் பாறை வேண்டும். பரப்பையும் விரித்து வையுங்கள். எல்லாப் பாறையிலும் சிலிக்கா 48-லிருந்து 52-க்குள் இருந்தால் கோடு போட இரண்டு புள்ளி பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போலத்தான்.

தயாரிப்பில் பொறுமை வேண்டும். தூளை 105 டிகிரியில் உலர்த்துங்கள். கையுறை போடுங்கள், விரல் வியர்வையில் சோடியமும் குளோரினும் இருக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு அரைவையில் அரைத்தால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் ஒட்டிவரும். பித்தளைத் தட்டில் வைத்தால் செம்பும் துத்தநாகமும் நிறமாலையில் எட்டிப் பார்க்கும். வெற்றிடப் பம்பை ஒரேயடியாகத் திறந்தால் தூளுக்குள் அடைபட்ட காற்று வெடித்துக் கிளம்பி மாதிரி முழுக்க அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதை ஒரு முறை செய்தவர்கள் மறுமுறை செய்வதில்லை. சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆகும். தூளை அழுத்தி வில்லையாக்கி, வால்வை நிதானமாகத் திறங்கள்.

அளக்கத் தொடங்கும் முன்பே நாலில் ஒரு பங்கு பாறைகளை எடுத்து அலமாரியில் பூட்டி, சாவியை இந்த வேலையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இவை சாட்சிப் பாறைகள். 7-ஆம் படியில் இவற்றைக் கூப்பிடுவோம்.

படி 6: கவுன்ட்டிலிருந்து சதவீதத்துக்கு

இதுதான் உண்மையான வேலை. மற்றதெல்லாம் இதற்கு ஆயத்தம்.

பாறையில் சிலிக்கான் இரண்டு மடங்கு இருந்தால் சிலிக்கான் பீக்கும் இரண்டு மடங்காக வர வேண்டும் என்று நினைப்போம். வராது. சிலிக்கானின் எக்ஸ்ரே வெளியே வரும் வழியில் கால்சியமோ இரும்போ அதைக் கொஞ்சம் விழுங்கும். யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒருவரின் குரல் மாறும். இதை மேட்ரிக்ஸ் விளைவு என்கிறார்கள். இயற்பியல் மாறிலிகளிலிருந்து இதைக் கணக்கிட்டுத் திருத்தும் மென்பொருட்கள் உண்டு. கியூரியாசிட்டியின் ஏபிஎக்ஸ்எஸ் குழு இயங்குவது கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில், ரால்ஃப் கெல்லர்ட் தலைமையில். அங்கு ஐயன் கேம்ப்பெல்லும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தத் திருத்தத்தை மிக ஆழமாகப் பார்த்திருக்கிறார்கள்.

அவர்கள் கண்ட சிக்கலை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். திருத்தக் கணக்கு பாறையை ஒரே சீரான கலவையாக நினைக்கிறது, நன்றாகக் கரைத்த மாவுபோல. உண்மையில் பாறை புட்டு மாதிரி. அரிசி மாவு தனி, தேங்காய்த் துருவல் தனி. அலுமினியம் பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார் மணியில் இருக்கிறது, மக்னீசியம் ஒலிவின், பைராக்சின் போன்ற வேறு கனிமங்களில். அலுமினியத்தின் எக்ஸ்ரே வெளியே வரும் ஆழம் சில மைக்ரான்தான். அதற்குள் அது ஃபெல்ட்ஸ்பாரை மட்டும்தான் பார்க்கிறது, பாறையின் சராசரியைப் பார்க்கவில்லை. நாம் சராசரியை வைத்துத் திருத்துகிறோம். விளைவு, எல்லாப் பசால்ட்டிலும் ஒரே பக்கம் சாயும் பிழை, ட்ராக்கைட் என்ற வேறு வகை எரிமலைப் பாறையில் வேறு பக்கம்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலில், சில பாறைகளை உருக்கிக் கண்ணாடி வில்லையாக்கி அளங்கள். கண்ணாடியில் மணிகள் இல்லை. அதில் கணக்கு ஒத்துவந்தால் உங்கள் இயற்பியல் சரி. பிறகு அதே பாறையின் தூளை அளங்கள். கண்ணாடிக்கும் தூளுக்கும் உள்ள வித்தியாசம்தான் கனிமப் பிழை. அதைப் பாறை வகைவாரியாக ஒரு திருத்தக் காரணியாக எழுதுங்கள். இதுவும் புளி உருண்டைதானே என்று கேட்கலாம். இல்லை. ஏன் வருகிறது என்று தெரிந்து, தனியாக அளந்து, தனிப் பெயரில் எழுதிய எண் இது. யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

அடுத்து 100-க்குச் சமன் செய்வது. கருவிக்கு ஆக்ஸிஜன் தெரியாததால் ஒவ்வொரு தனிமத்தையும் ஆக்சைடாக மாற்றி, கூட்டி, 100 சதவீதம் என்று வைக்கிறோம். பாறையில் 20 சதவீதம் நீர் இருந்தால்? ஹைட்ரஜனும் தெரியாது. மீதி 80-ஐ 100 என்று எழுதுவோம். உண்மையில் 40 சதவீதமான சிலிக்கா 50 என்று வெளியே வரும். எல்லா எண்களும் அழகாகக் கூடி 100 வரும், எல்லாமே தவறு.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மூலத்தின் புளூட்டோனியம் எக்ஸ்ரே பாறையில் பட்டுச் சிதறித் திரும்பும்போது, ஆற்றல் மாறாமல் ஒரு பங்கும் ஆற்றல் இழந்து ஒரு பங்கும் வரும். லேசான தனிமங்கள் கூடக்கூட ஆற்றல் இழந்த பங்கு அதிகமாகும். இந்த இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்ட விகிதத்தோடு ஒப்பிட்டால் ஒளிந்திருக்கும் நீரோ கார்பனேட்டோ தலைகாட்டும். ஆகவே 14 கேஇவி பக்கத்தை வெட்டிவிட்டு நிறமாலையைச் சேமிக்காதீர்கள். ஜிப்சம், கால்சைட் இரண்டையும் சான்று வரிசையில் சேர்த்து இந்த விகிதத்தைப் பழக்குங்கள்.

தூரமும் இங்கேதான் வருகிறது. மூலத்திலிருந்து பாறைக்கும் பாறையிலிருந்து டிடெக்டருக்கும் இரண்டு தடவை தூரம் கணக்காகிறது. உத்தேசமாகச் சொன்னால், 5 சென்டிமீட்டரில் அரை சென்டிமீட்டர் விலகினாலே கவுன்ட் மூன்றில் ஒரு பங்கு குறையும். 100-க்குச் சமன் செய்வது இந்தக் குறையை மறைத்துவிடும், அதனால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறோம். ஆனால் செவ்வாயில் வாயுவின் ஆர்கான் பீக் இருக்கிறது. அந்தக் காற்றில் சுமார் 2 சதவீதம் ஆர்கான். இடைவெளி அதிகமானால் ஆர்கானும் அதிகம் தெரியும். தூரம் சொல்லும் இலவச அளவுகோல். நிலாவில் அந்த வசதி இல்லை. ஆகவே நிலாக் கருவிக்கு 3, 4, 5, 6, 7 சென்டிமீட்டர் என்று எல்லா உயரத்திலும், கொஞ்சம் சாய்த்தும் அளந்து வைக்க வேண்டும்.

படி 7: சாட்சிகளைக் கூப்பிடுவது

இப்போது அலமாரிச் சாவியை வாங்குங்கள். பூட்டிய எண்களை மாற்றாமல் சாட்சிப் பாறைகளை அளந்து, வந்ததை எழுதிய பிறகே சான்றிதழைப் பாருங்கள். உங்கள் கருவியின் பிழை எவ்வளவு என்று வெளியே சொல்லத் தகுதியுள்ள எண் இது ஒன்றுதான். காலிப்ரேஷனுக்குப் பயன்படுத்திய பாறைகளில் வந்த பிழை எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

நிலாவுக்கான கருவி என்றால் ஒரு சாட்சியை நம் ஊரிலேயே எடுக்கலாம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி அனார்த்தோசைட், நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு நெருங்கிய உறவு. இஸ்ரோ அங்கிருந்து எடுத்த பாறையை அரைத்துத்தான் செயற்கை நிலாமண் செய்து ரோவர் சக்கரங்களை ஓட்டிப் பார்த்தது. ஆனால் சக்கரம் ஓட்டச் செய்த மண் அப்படியே எடைக்கல் ஆகிவிடாது. அதற்கு மணியின் அளவும் உராய்வும் போதும், நமக்கு ரசாயனம் வேண்டும். சித்தம்பூண்டியில் ஹார்ன்பிளெண்ட் என்ற கருங்கனிமமும் குரோமைட் என்ற குரோமியத் தாதுப் பட்டைகளும் கலந்தே கிடக்கும். வெள்ளையான பகுதியைப் பொறுக்கி, அரைத்து, குறைந்தது இரண்டு வேறு முறைகளில் வெளியே பகுப்பாய்வு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிலும் ஒரு சுலபமான சோதனை உண்டு. கால்சியம் ஃபெல்ட்ஸ்பாரான சுத்தமான அனார்த்தைட்டின் சூத்திரப்படி சிலிக்கா 43.2, அலுமினா 36.6, கால்சியம் ஆக்சைடு 20.2 சதவீதம். ஃபெல்ட்ஸ்பாரும் ஹார்ன்பிளெண்டும் சேர்ந்த பாறையில் அலுமினா இந்த 36.6-ஐத் தாண்ட வழியில்லை. உங்கள் கருவி 38 என்றால் பாறையோடு வாதம் வேண்டாம், 4-ஆம் படிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி அளந்துகொண்டு வாருங்கள்.

படி 8: கருவி கிளம்பிய பிறகு

ராக்கெட் அதிர்வு, கதிர்வீச்சு, குளிர் எல்லாம் பட்ட பிறகு பழைய எண்கள் நிற்கின்றனவா என்று அங்கேயே பார்க்க வேண்டும். கியூரியாசிட்டி தன்னோடு ஒரு பசால்ட் வில்லையை எடுத்துப் போயிருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சொகோரோ அருகே எடுத்த கல், சுற்றிலும் நிக்கல் தகடு. கல் ரசாயனத்தைச் சோதிக்கும், நிக்கல் ஆற்றல் அளவையும் ரோவரின் கை சரியான இடத்தில் நிற்கிறதா என்பதையும் சோதிக்கும். செவ்வாயில் தூசி படியும் என்பதை மறக்காதீர்கள். மாதங்கள் போகப் போக அதே கல்லில் கந்தகமும் குளோரினும் ஏறினால், கருவி மாறவில்லை, கல்லின் மேல் தூசி ஏறியிருக்கிறது. நிக்கலின் மேலும் அதே தூசி இருக்கும், ஆனால் நிக்கலில் கந்தகமே கிடையாது. அங்கே தெரியும் கந்தகம் முழுக்கத் தூசியின் கணக்கு. இரண்டு பொருள் அருகருகே வைத்ததன் புத்திசாலித்தனம் அங்கே தெரியும்.

பிரக்யானுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. 2023 ஆகஸ்ட் 23-இல் அதைச் சுமந்த விக்ரம் லேண்டர் இறங்கியது, செப்டம்பர் 2-இல் ரோவரைத் தூங்கவைத்துவிட்டார்கள். அதற்குள் 103 மீட்டர் வழியில் 23 இடங்களில் அளவீடு. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகக் குழு 2024-இல் வெளியிட்ட முடிவு, அங்குள்ள மண் ஃபெரோவன் அனார்த்தோசைட் என்ற மேட்டுநிலப் பாறை வகையைச் சேர்ந்தது, நிலா ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு ஒத்துப்போகிறது என்பது. பத்து நாளில் அங்கே உட்கார்ந்து காலிப்ரேஷன் செய்துகொண்டிருக்க முடியாது. தரையில் செய்து பூட்டியதுதான் கைகொடுக்கும்.

பூமியில் தங்கிவிட்ட இரட்டைக் கருவியைக் காட்சிப்பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அதே தொகுதி டிடெக்டர், அதே ஜன்னல், அதே பிஹெச்விஓ-2 வில்லையோடு உலர்பெட்டியில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை எடுத்து அந்த வில்லையை அளந்து, தேதியும் வெப்பநிலையும் பம்பின் அழுத்தமும் எழுதி வையுங்கள். அங்கிருந்து புரியாத ஒரு நிறமாலை வந்து இறங்கும் நாளில் முதலில் தேடப்போவது அந்த நோட்டைத்தான். பென்சிலில் எழுதாதீர்கள்.